மாதா கிரீடமும் பதினேழாம் நம்பர் ஸ்பேனரும்

மெட்டில்டா வலது காலை வள்ளத்துக்குள் வைத்தாள். இடது காலைத் தூக்குவதற்குள் முதல் வாளித் தண்ணீர் சளாரென்று வந்து விழுந்தது. இரண்டாவது வாளி அவள் உட்காரப்போகும் பலகையில். மூன்றாவது இன்ஜின் பெட்டியின் மேல். ஊற்றியவர் இஞ்ஞாசி. வள்ளத்தின் சொந்தக்காரர். அவளுடைய பெரியப்பா மகளைக் கட்டியவர் என்பதால் அவளுக்கு அத்தான் முறை.

"ஒதுங்கி நில்லு பிள்ள. கழுவணும்லா" என்றார், அவள் முகத்தைப் பார்க்காமலே.

சிலுவைத்துறையில் பெண்கள் வள்ளத்தில் ஏற மாட்டார்கள். ஏறினால் அந்த வள்ளம் கடலில் காலை வாரிவிடும் என்பது ஊரின் முடிவு. தப்பித் தவறி ஒருத்தி ஏறிவிட்டால், ஏறும்போதும் இறங்கிய பிறகும் கடல் தண்ணீரை மொண்டு வள்ளம் முழுக்க அடித்துக் கழுவ வேண்டும். பெண்கள் மீனைச் சுமந்து விற்கலாம், கிழிந்த வலையைத் தைக்கலாம், போனவன் திரும்பும்வரை கரையில் நின்று கண் பூத்துப் போகலாம். அதற்கெல்லாம் தடையே இல்லை. கால் மட்டும் வள்ளத்தில் படக்கூடாது.

"மூணாவது நாள். இன்னைக்கோட முடிஞ்சுது" என்று வள்ளத்தின் முன்பக்கமிருந்து ஒரு குரல் வந்தது. தொபியாஸ். சங்கு குளிக்கிறவன், முப்பத்தைந்து வயது, கயிறு முறுக்கியது போன்ற உடம்பு. உதவி செய்ய வந்தவன் இல்லை. மெட்டில்டா எதையாவது தில்லுமுல்லு செய்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஊர்க் கமிட்டி அனுப்பிய சாட்சி. "நாளைக்குத் திருவிழா. இன்னைக்கும் வெறுங்கையோட வந்தா, ரெய்னால்டு பேச்சையே உங்க வீட்டுல எடுக்கப்பிடாது. ஞாபகம் இருக்கட்டும்."

 மெட்டில்டா கையிலிருந்த துணி மூட்டையை இறுக்கிக்கொண்டு ஈரப் பலகையில் உட்கார்ந்தாள். மூட்டைக்குள் ஸ்பேனர்கள் ஒன்றோடொன்று உரசின.

ரெய்னால்டு அவளுடைய அண்ணன். பதினாலு மாதத்துக்கு முன்னால், அடைமழையில் ரோடெல்லாம் அறுத்துக்கொண்டு போன ஒரு டிசம்பரில், பட்டணத்தில் முலாம் பூசக் கொடுத்திருந்த மாதாவின் வெள்ளிக் கிரீடத்தை வாங்கிவர அவன் தன் வள்ளத்தில் போனான். வாங்கினான், புறப்பட்டான். வந்து சேரவில்லை. வள்ளமும் இல்லை, கிரீடமும் இல்லை, அவன் உடம்பும் கிடைக்கவில்லை.

கடைசியாக அவன் பேசியது தங்கையிடம்தான். போனில் காற்று இரைந்தது. "மெட்டில், இன்ஜின் நின்னுட்டு. நங்கூரம் போட்டுருக்கேன். கோயில் கோபுரம் தீவு முனைக்கு மேல நேராத் தெரியுது. மத்த அடையாளம் எல்லாம் மழையில மறைஞ்சுட்டு. அடியில சிப்பித்தூளு, நங்கூரம் பிடிக்க மாட்டேங்கு. அத்தான்கிட்டச் சொல்லு." அவ்வளவுதான்.

அவள் ஓடிப் போய் ஒரு வார்த்தை விடாமல் சொன்னாள். கோபுரமும் முனையும் நேராகத் தெரியும் அந்த வரிசையிலேயே ஆண்கள் நாலு நாள் தேடினார்கள். பிறகு தொபியாஸ் கோயில் வாசலில் நின்று சத்தமாகச் சொன்னான்: "அந்த வரிசையில நான் குளிக்காத இடம் இல்ல. அடி பூராவும் சேறு. சிப்பித்தூளும் கிடையாது, ஒரு மண்ணும் கிடையாது. பொய் சொல்லிட்டு இலங்கைப் பக்கம் ஓடிட்டான்." அன்றிலிருந்து மெட்டில்டாவின் வீடு திருடன் வீடு.

இன்னொரு பேச்சும் ஊரில் உண்டு. அந்தப் பயணத்துக்கு முந்தைய நாள், பரீட்சை எழுத வழியில்லாமல் நின்ற தங்கையை ரெய்னால்டு தன் வள்ளத்தில் பட்டணத்துக்கு ஏற்றிப் போய்க் கூட்டிவந்திருந்தான். கரைக்கு வந்ததும் இஞ்ஞாசியும் இன்னும் மூன்று பேரும் சேர்ந்து அந்த வள்ளத்தைக் கழுவோ கழுவென்று கழுவினார்கள். அப்படியும் மறுநாள் வள்ளம் போய்விட்டதே! அதனால் அவன் ஓடிப்போன திருடன் என்று ஒரு வாயும், தங்கை ஏறியதால் மூழ்கினான் என்று இன்னொரு வாயும் பேசின. ஓடியவன் எப்படி மூழ்குவான் என்று யாரும் கேட்கவில்லை. ஏசுவதென்று முடிவான பிறகு பொருத்தம் பார்ப்பது யார்?

கோயில் சுவரில் கடலில் போனவர்களின் பெயர்கள் வெட்டியிருக்கும். திருவிழாக் காலையில் ஒவ்வொரு பெயராக வாசிப்பார்கள், பெயருக்கு ஒரு மணி அடிக்கும். ரெய்னால்டின் பெயரை வெட்டவும் முடியாது, வாசிக்கவும் முடியாது என்று கமிட்டி சொல்லிவிட்டது. அவர்களுடைய அம்மா பூசைக்குப் போவதையே விட்டுவிட்டாள். அந்த ஒரு பெயருக்காகத்தான், அந்த ஒரு மணிச் சத்தத்துக்காகத்தான் மெட்டில்டா இந்தப் பதினாலு மாதமும் உழைத்தாள்.

தொடங்கும்போது அவளுக்கு ஒன்றும் தெரியாது. இடுப்பளவு தண்ணீரில் நிற்கவே நடுங்குவாள். இன்ஜின் என்றால் சத்தம் போடுகிற ஒரு பெட்டி. ஆனால் அண்ணன் இன்ஜின் ஏன் நின்றது என்ற கேள்வி அவளைத் தூங்கவிடவில்லை. பட்டணத்தில் வள்ளத்து இன்ஜின்கள் பார்க்கும் ஒர்க்ஷாப்பில் போய் வேலை கேட்டாள். சிரித்தார்கள். பிறகு பாகங்களை மண்ணெண்ணெயில் கழுவும் வேலையைக் கொடுத்தார்கள். ஸ்பேனரைத் தொட்டால் "உனக்கெதுக்கு அது?" என்று பிடுங்கினார்கள்.

அங்கே பின்புறம் துருப்பிடித்து ஒரு ஒற்றை சிலிண்டர் டீசல் இன்ஜின் கிடந்தது. ரெய்னால்டு வைத்திருந்த அதே வகை. எல்லாரும் சாப்பிடப் போகும் நேரத்தில் அதைக் கழற்றினாள். திரும்ப மாட்டியபோது இரண்டு போல்ட்டும் ஒரு ஸ்பிரிங்கும் கையில் மிஞ்சின. இரண்டாம் முறை ஸ்பிரிங் மட்டும் மிஞ்சியது. மூன்றாம் முறை ஒன்றும் மிஞ்சவில்லை, ஆனால் இன்ஜின் ஓடவில்லை. டீசல் குழாயில் காற்று புகுந்தால் இன்ஜின் ஓடாது, நட்டைத் தளர்த்தி அந்தக் காற்றை வெளியேற்ற வேண்டும், அதற்கு "ஏர் எடுப்பது" என்று பெயர் என்பதை மற்றவர்கள் பேசிக்கொண்டதிலிருந்து பொறுக்கிச் சேர்க்க அவளுக்கு இருபது நாள் பிடித்தது. நாலாம் முறை அந்தக் கிழட்டு இன்ஜின் கறுப்பாகப் புகையைக் கக்கிவிட்டு ஓடியது. சாப்பிட்டுக் கொண்டிருந்தவர்கள் எச்சில் கையோடு ஓடிவந்தார்கள். யாரும் பாராட்டவில்லை. ஆனால் அதற்குப் பிறகு ஸ்பேனரைப் பிடுங்கவும் இல்லை. வேலையை விடும்போது, ஏர் எடுக்க உதவிய பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மட்டும் அவள் கேட்டு வாங்கிக்கொண்டாள்.

முக்குளிக்கப் பழகியது தெற்கே, கடல்பாசி எடுக்கும் பெண்களிடம். "ஒங்க ஊரு ஆம்பிளையளு எங்களைக் கண்டாத் துப்புவானுவ. நீ எதுக்கு வந்த?" என்றுதான் வரவேற்றார்கள். பத்து நாள் பாசி மூட்டை சுமக்க வைத்தார்கள். பிறகுதான் ஒருத்தி தன் கண்ணாடியைக் கழற்றிக் கொடுத்து, காது வலித்தால் மூக்கைப் பிடித்து ஊத வேண்டும், ஊதியும் விடாவிட்டால் மேலே வந்துவிட வேண்டும் என்றாள். முதலில் கழுத்தளவு, பிறகு ஓர் ஆள் மட்டம், பிறகு இரண்டு பாகம். இரண்டு கையையும் விரித்தால் எவ்வளவு நீளமோ அது ஒரு பாகம். கடைசியில் நாலு பாகம்வரை போய்வந்தாள்.

அந்த நாலு பாகத்தின் அடியில் ஒருநாள் அவள் கைநிறைய எதையோ அள்ளிக்கொண்டு மேலே வந்தாள். உடைந்து நொறுங்கிய சிப்பித்தூள். பார்த்ததும் அண்ணனின் குரல் காதில் கேட்டது. கடலின் அடி எல்லா இடத்திலும் ஒன்றுபோல் இருப்பதில்லை. கோபுரமும் முனையும் ஒரு கோடு. அதில் எந்த இடம் என்று காட்டும், மழையில் மறைந்துபோன இன்னொரு அடையாளத்துக்குப் பதிலாகத்தான் அண்ணன் அடித்தரையைச் சொல்லியிருக்கிறான். அந்தக் கோட்டில் சிப்பித்தூள் எங்கே இருக்கிறதோ அங்கேதான் அவன் நின்றிருக்கிறான்!

உடனே கமிட்டியிடம் வந்தாள். ஒழியட்டும் என்று மூன்று நாள் கொடுத்தார்கள். இஞ்ஞாசி வள்ளம் தர முடியாது என்றார். அவர் மனைவி அருள்சீலி மூன்று வேளை அடுப்பு மூட்டவில்லை. இஞ்ஞாசி சம்மதித்தார்.

முதல் நாள் அவள் பேச்சு எடுபடவில்லை. பழைய சேற்றிலேயே போய் நின்றார்கள். அவள் வாந்தி எடுத்தாள், தொபியாஸ் சிரித்தான். இரண்டாம் நாள் அவளாகவே ஓர் ஈயக்குண்டை எடுத்தாள். அதன் அடிக்குழியில் சலவை சோப்பை அப்பி, கயிறு கட்டிக் கடலில் விட்டாள். குண்டு அடியைத் தொட்டதும் அங்கே உள்ளது சோப்பில் ஒட்டிக்கொண்டு வரும்.

"கடலுக்கு சோப்பு போட்டுக் குளிப்பாட்டுதா" என்றான் தொபியாஸ்.

அவள் விட்டுக்கொண்டே இருந்தாள். சேறு, சேறு, சேறு. உள்ளங்கை உரிந்தது. கோட்டிலேயே வெளியே போகப் போக, வலை கிழியும் என்று யாரும் அண்டாத, 'பார்' எனப்படும் கடலடிப் பாறைத் திட்டுக்குப் பக்கத்தில், மாலை நாலு மணிக்கு சோப்பில் வெள்ளையாக நொறுங்கிய சிப்பி ஒட்டிவந்தது. அதற்குள் டீசல் குறைந்துவிட்டதால் திரும்ப வேண்டியதாயிற்று. 

இன்று மூன்றாம் நாள். பத்து மணிக்கு அதே இடத்துக்கு வந்துவிட்டார்கள்.

"இங்க நங்கூரம் பிடிக்காது. அன்னைக்கு வாடைக்காத்து. வள்ளம் இழுத்துக்கிட்டே தென்மேக்க போயிருக்கும். அங்கிட்டுப் போங்க அத்தான்" என்றாள் மெட்டில்டா.

"எனக்குக் கடல் சொல்லித் தாறியா?"

"போங்க அத்தான்."

போனார். குண்டை விட்டுக்கொண்டே வந்தாள். திடீரென்று குண்டு 'ணங்'கென்று கயிற்றை உதறியது. பாறை. நூறு பாகம் தள்ளிப் பாரின் முதுகில் அலை வெள்ளையாக உடைந்துகொண்டிருந்தது. நங்கூரத்தை இறக்கினார்கள். தொபியாஸ் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குதித்தான்.

முதல் முறை வெறுங்கையோடு வந்தான். இரண்டாம் முறையும் அப்படியே. மூன்றாம் முறை மேலே வந்தபோது மூக்கிலிருந்து ரத்தம் வடிந்தது. "சளி பிடிச்சுருக்கு. காது அடைச்சுட்டு, இதுக்கு மேல இறங்குனா கிழிஞ்சிரும்" என்று வள்ளத்தில் ஏறிப் படுத்தான். "ஒண்ணும் இல்ல. நான் சாட்சி. வள்ளத்தைத் திருப்பும்."

"நான் இறங்குதேன்" என்றாள் மெட்டில்டா.

இஞ்ஞாசி வெடித்தார். "ஒரு பொணம் போதாதா ஒங்க வீட்டுக்கு? எம் வள்ளத்துல இருந்து இன்னொண்ணா?"

அந்தச் சொல் அவளுக்கு நெஞ்சில் தைத்தது. அழுகை வந்தது, அழுதாள், அழுதுகொண்டே இடுப்பில் கயிற்றைக் கட்டினாள். கல் கட்டிய இன்னொரு கயிற்றைப் பிடித்துக்கொண்டு இறங்கிவிட்டாள்.

இரண்டு பாகத்தில் காதில் ஊசி இறங்கியது. ஊதிப் பார்த்தாள், விடவில்லை. கல்லை விட்டுவிட்டு மேலே வந்தாள். "அவ்வளவுதானா?" என்றான் தொபியாஸ். மூச்சு நிதானமாகும்வரை வள்ளத்தைப் பிடித்துக்கொண்டு கிடந்தாள். பாசி எடுக்கும் பெண்கள் அவசரப்பட்டதே இல்லை. அதை நினைத்துக்கொண்டாள். இந்த முறை கையளவு கையளவாக இறங்கினாள், ஒவ்வொரு கையளவுக்கும் ஊதினாள். காது திறந்துகொண்டது. அடி தெரிந்தது.

பாறைக்கு ஓரமாக ஒரு திட்டு. பாசி பிடித்து, சிப்பி அப்பி, பாறை போலவேதான் இருந்தது. ஆனால் பாறைக்கு இத்தனை வட்டமான சக்கரம் இருக்காது. மெட்டில்டா கையை வைத்தாள். கண்ணுக்குத் தெரியாதது கைக்குத் தெரிந்தது. இது சக்கரம். இது சிலிண்டர் தலை. இதற்குக் கீழே இடதுபக்கம் டீசலை வடிகட்டும் பில்டர் இருக்கும், அதன் அடியில் அழுக்கும் தண்ணீரும் தங்கும் கிண்ணம். விரல் தடவியது. கிண்ணம் இல்லை, அதைத் திருகி மாட்டும் மரை மட்டும் இருந்தது. அதற்குமேல் மூச்சு இல்லை. ஆனால் எழும்பும்போது முழங்காலில் ஒரு மூட்டை இடித்தது. இன்ஜினோடு சேர்த்துக் கட்டிய மூட்டை.

மேலே வந்து மூச்சு வாங்கினாள். கத்தியைப் பல்லில் கடித்துக்கொண்டு மறுபடி இறங்கினாள். தன் இடுப்புக் கயிற்றை அவிழ்த்து மூட்டையில் முடிந்தாள், பழைய கட்டுக்கயிற்றை அறுத்தாள், இரண்டு முறை இழுத்து சைகை காட்டினாள். இரு ஆண்களும் கயிற்றை இழுக்க, மூட்டையும் அவளும் ஒன்றாக மேலே வந்தார்கள்.

மக்கிப்போன சாக்கு. உள்ளே தார்ப்பாய். தார்ப்பாய்க்குள் கறுத்துப்போன வெள்ளியும் அதில் பதித்த சிவப்புக் கற்களும் இருந்தன.

இஞ்ஞாசி சிலுவை போட்டுக்கொண்டார். தொபியாஸ் கிரீடத்தைப் பார்க்கவில்லை. சாக்கில் ஒட்டியிருந்த ஆரஞ்சு நிறக் கயிற்றுத் துண்டையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"இது மிதவை வளையத்துக் கயிறு" என்றான் மெதுவாக. "மிதக்குறதுக்குன்னு வச்சிருந்த கயித்தை அறுத்து இதைக் கட்டிருக்கான். ஓடுதவன் இப்படியா கட்டுவான்?"

 அதைப் பேச நேரம் இல்லை. காற்று திரும்பிவிட்டது. வடகிழக்கே வானம் கறுத்து, வாடை சுருக்கென்று அடித்தது. இஞ்ஞாசி கைப்பிடியைச் சுற்றி இன்ஜினைக் கிளப்பினார். ஓடியது. நங்கூரத்தைத் தூக்கினான் தொபியாஸ். வள்ளம் கரைப்பக்கம் திரும்பியது. இன்ஜின் இருமியது, ஒருமுறை ஓலமிட்டது, நின்றுவிட்டது.

"சொன்னேன்லா!" இஞ்ஞாசி தலையில் அடித்துக்கொண்டார். "பொம்பள ஏறுன வள்ளம்! சொன்னேன்லா!" கைப்பிடியைச் சுற்றினார், சுற்றினார். ஒன்றும் நடக்கவில்லை. தொபியாஸ் நங்கூரத்தை மறுபடி வீசினான். அது பிடித்தது போல் இருந்து வழுகியது. அடியில் சிப்பித்தூள்.

மெட்டில்டாவுக்கு அந்த நொடி அண்ணன் குரல் கேட்டது. பிடிக்க மாட்டேங்கு. அதே இடம், அதே காற்று. பின்னால் அதே பார்.  அவள் கை தன்பாட்டில் துணி மூட்டையை அவிழ்த்தது.

"தள்ளுங்க அத்தான்."

"நீ தொட்டதுதான் போதுமே!"

"எண்பது பாகந்தான் இருக்கு" என்று கத்தினான் தொபியாஸ், உடையும் அலையைப் பார்த்து. "இஞ்ஞாசி, அவளை விடும். நமக்குத் தெரிஞ்சதைத்தான் செஞ்சாச்சே!"

அவள் பில்டர் கிண்ணத்தைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தாள். மேலே ஒரு விரல் டீசல், கீழே முழுக்கத் தண்ணீர். நாக்கில் தொட்டாள். உப்பு. எழுந்து டீசல் டாங்கைப் பார்த்தாள். மூடி எப்போதோ தொலைந்துபோய், வாயில் ஒரு துணி அடைத்திருந்தது. துணி சொட்டச் சொட்ட நனைந்திருந்தது.

"மூணு நாளா எம் பின்னாடி எத்தனை வாளி ஊத்துனீங்க அத்தான்?"

இஞ்ஞாசிக்குப் புரிய ஒரு கணம் ஆயிற்று. புரிந்ததும் அந்த ஈரத் துணியைத் தொட்டுப் பார்த்தார்.

"நான் ஏறுனதால நிக்கல. நீங்க கழுவுனதால நின்னுச்சு. இன்ஜினுக்கு ஆம்பிள பொம்பள தெரியாது. டீசல்ல தண்ணி இருக்கான்னு மட்டுந்தான் தெரியும். அந்தச் சின்ன கேனை எடுங்க, சுத்தமான டீசல் அதுல இருக்கா?"

"இருக்கு, ரெண்டு லிட்டர். போதாது."

"பாரைத் தாண்டப் போதும். அப்புறம் டாங்க்குல மேலாக மிதக்கிறதை இறுத்துக்கிடலாம். உசரப் பிடிங்க. ஆட்டாதீங்க."

"அம்பது பாகம்!"

டாங்கிலிருந்து வரும் குழாயை உருவி, கேனுக்குள் விட்டாள். கிண்ணத்தைத் துடைத்து மாட்டினாள். வள்ளம் எகிறியது. ஸ்பேனர் கையை விட்டு நழுவி, உருண்டு, அவள் குதிகாலுக்குக் கீழே சிக்கியது. எடுத்தாள். பில்டரின் காற்றுத் திருகைத் தளர்த்தினாள். நுரை வந்தது, நுரையாகவே வந்தது, பிறகு சுத்தமான டீசல் வழிந்தது. இறுக்கினாள். அடுத்தது, சிலிண்டருக்குள் டீசலைப் பீச்சும் நாசிலின் நட். பதினேழாம் நம்பர்.

"தொபியாஸ் அண்ணே, கைப்பிடியைச் சுத்துங்க. கிளப்ப வேண்டாம். மெதுவாச் சுத்துங்க."

"முப்பது பாகம் கிடக்கு பிள்ள!"

"மெதுவாத்தான் சுத்தணும்."

அவன் சுற்றினான். நட்டின் ஓரத்தில் குமிழ்கள் வெடித்தன. இன்னும், இன்னும். அலை உடையும் தூறல் அவர்கள் மேல் விழுந்தது. இஞ்ஞாசி கேனை இரண்டு கையாலும் தலைக்கு மேல் பிடித்துக்கொண்டு, வாய்விட்டு மாதாவைக் கூப்பிட்டார். குமிழ் நின்று டீசல் பீச்சியடித்தது. ஒரே முறுக்கில் நட்டை இறுக்கினாள்.

"இப்பச் சுத்துங்க, உயிரைக் கொடுத்து!"

முதல் சுற்றில் ஒரு தும்மல். இரண்டாவதில் ஒரு கரும்புகை. மூன்றாவதில் இன்ஜின் தடதடவென்று பிடித்துக்கொண்டது. வள்ளம் முகத்தைத் திருப்பி, உடைந்த அலையின் நுரைக்குள்ளிருந்து ஒரு எம்பு எம்பி வெளியே வந்தது.

பாரைத் தாண்டியதும் டாங்கில் மேலாக மிதந்த டீசலைக் கேனில் இறுத்துக்கொண்டார்கள். தீவு முனை வந்ததும் மெட்டில்டா பேச்சைத் தொடங்கினாள். அவளுக்கும் அது அப்போதுதான் முழுதாக விளங்கியிருந்தது.

"அத்தான், அண்ணன் இன்ஜின்ல பில்டர் கிண்ணம் இல்ல. கையால தடவிப் பாத்தேன். தானா விழாது அது, மரை நல்லாத்தான் இருக்கு. கழட்டிருக்கான். கழட்டிப் பாத்துருக்கான். அவன் டாங்க்குலயும் துணிதான் அடைச்சிருக்கும்."

இஞ்ஞாசி சுக்கானைப் பிடித்தபடி நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"முந்தின நாள் நான் ஏறுனேன். நீங்க நாலு பேரு கழுவுனீங்க."

 கரைவரைக்கும் அவர் கண்ணைத் துடைக்கவில்லை, கண்ணீர் பாட்டுக்கு வடிந்துகொண்டிருந்தது. மெட்டில்டாவுக்கு அவர்மேல் ஆத்திரமாக வந்தது, அதே நேரம் பாவமாகவும் இருந்தது. எதை முதலில் காட்டுவது என்று தெரியாமல் ஸ்பேனர்களைத் துடைத்து மூட்டையில் கட்டினாள்.

கரையில் ஊரே நின்றது. கிரீடத்தை தொபியாஸ் தூக்கிக் காட்டியதும் கோயில் மணி அடிக்கத் தொடங்கியது. கமிட்டித் தலைவர் மெட்டில்டாவைப் பார்க்கும்முன் வள்ளத்தைப் பார்த்தார். பழக்க தோஷத்தில் ஒருவன் வாளியோடு தண்ணீருக்குள் இறங்கி வந்தான், கழுவுவதற்கு. இஞ்ஞாசி அந்த வாளியை வாங்கி மணலில் கவிழ்த்தார்.

மறுநாள் காலை, பெயர்களை வாசிக்கும் முன்னால் இஞ்ஞாசி கூட்டத்திலிருந்து எழுந்து முன்னால் போனார். அவர் மேடையில் பேசிப் பழகியவர் இல்லை. வேட்டி நுனியைப் பிடித்துக்கொண்டு நின்றார்.

"ரெய்னால்டு திருடன் இல்ல. அது நேத்தே எல்லாருக்கும் தெரிஞ்சுட்டு. தெரியாத ஒண்ணு இருக்கு. அவன் வள்ளத்தைக் கழுவுனது நான். டாங்க்குக்குள்ள உப்புத்தண்ணி போனது என் வாளியில இருந்து. இவ்வளவு நாளும் பழியை அந்தப் பிள்ள தலையில போட்டுட்டு நான் நிம்மதியாத் தூங்குனேன்." அவ்வளவு சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டார். அவரோடு அன்று கழுவிய மூன்று பேரும் தலையைக் குனிந்துகொண்டார்கள்.

பெயர்களை வாசித்தார்கள். கடைசிப் பெயர் ரெய்னால்டு. ஒரு மணி அடித்தது. பதினாலு மாதத்துக்குப் பிறகு கோயிலுக்கு வந்திருந்த அம்மா மெட்டில்டாவின் கையைப் பிடித்துக்கொண்டாள். டீசல் வாடை இன்னும் போகாத கை. காய்த்துப்போயிருந்த அந்த உள்ளங்கையை அம்மா தடவிக்கொண்டே இருந்தாள், விடவே இல்லை.

ஊர் ஒரே நாளில் மாறிவிட்டது என்று சொன்னால் அது புளுகு. இரண்டு வள்ளக்காரர்கள் இன்னமும் அவளைக் கண்டால் ஒதுங்கித்தான் போகிறார்கள். ஆனால் எல்லா டீசல் டாங்குக்கும் புது மூடி வந்துவிட்டது.

திருவிழா முடிந்த திங்கட்கிழமை இஞ்ஞாசி அவளைக் கூப்பிட்டு அனுப்பினார். அவள் வள்ளத்தில் கால் வைத்தபோது தண்ணீர் எதுவும் விழவில்லை. இன்ஜின் பெட்டி திறந்து கிடந்தது. அவர் அதற்கு முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்திருந்தார்.

"இருபது வருசமா இதை ஓட்டுதேன். திறந்து பாத்ததில்ல" என்றார். "ஏர் எடுக்கது எப்படின்னு ஒருக்கா செஞ்சு காட்டு பிள்ள."

மெட்டில்டா பதினேழாம் நம்பர் ஸ்பேனரை எடுத்து அவர் கையில் வைத்தாள்.

"நான் செய்ய மாட்டேன் அத்தான். நீங்க கழட்டுங்க. முதல் தடவை எதாவது மிஞ்சும். பரவால்ல."